வீட்டுக்குள் கோட்டுப் போடாத அக்கா

அக்கா வீட்டுக்குள் ஒருநாளும் கோட்டுப் போட்டதில்லை. லண்டன் நோர்பரியில் அந்தப் பழைய வீட்டில் நாங்கள் எல்லோரும் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத் திரிந்த மாரிக் குளிரிலும், அவர் கையில்லாத பருத்திச் சட்டையோடு குசினியில் நின்று வெங்காயம் வெட்டுவார். கையில் மயிர் சிலிர்த்து நிற்கும். உதடு நீலம் பாரித்திருக்கும்.

"குளிரேல்லையோ அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன் குளிராமல்? செத்துப்போற குளிர்."

"அப்ப ஒரு சுவெட்டரைப் போடுங்கோவன்."

"வீட்டுக்குள்ள கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தா அது வீடில்லை, தம்பி. பஸ் ஸ்டாண்ட். நான் பஸ்ஸுக்கு நிக்கேல்லை."

பகிடியாகச் சொல்லவில்லை. வெங்காயத்தைக் கூடப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் அப்படித்தான். கோயில் வாசல் வரை கோட்டோடு வருவார். உள்ளே போனதும் கழற்றி மடித்து மடியில் வைத்துவிடுவார். அந்தக் கோயிலுக்குள் சாமியார் வாய் திறந்தால் குளிரில் புகை வரும். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு மனுசி, "உமக்கென்ன விசரே?" என்று காதுக்குள் கேட்டாவாம். "ஆண்டவற்றை வீட்டுக்குள்ள வந்தும் கோட்டோட இருந்தா, இவள் இப்ப எழும்பிப் போகப்போறாள் எண்டு அவர் நினைக்கமாட்டாரோ?" என்று இவர் கேட்டிருக்கிறார். அந்த மனுசி அடுத்த கிழமை வேறு வாங்கில் போய் இருந்தா.

அக்கா வேலை செய்தது உடுப்புக் கழுவி மினுக்கிக் கொடுக்கும் ஒரு கடையில். நாள் முழுக்க ஆவி அடிக்கும் பெரிய இஸ்திரி மேசை முன்னால் நிற்க வேண்டும். இடது முழங்கைக்குக் கீழே ஆவி சுட்ட தழும்பு ஒன்று இலை மாதிரி இருந்தது. கடை முதலாளிக்கு அவருடைய பெயர் வாயில் வரவில்லை. மேரி என்று கூப்பிட்டிருக்கிறார். அக்காவும் முதலாளியை மேரி என்று கூப்பிட்டார். வாடிக்கையாளர் முன்னாலும் கூப்பிட்டார். ஒரு மாதத்துக்குள் அந்த மனிதர் அவருடைய முழுப் பெயரையும், வல்லினம் மெல்லினம் பிசகாமல், சொல்லப் பழகிவிட்டார். நான் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நின்ற இடங்களை வரிசையாகச் சொல்ல எனக்கே ஏலாது. ஹவுன்ஸ்லோவில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை போனது, வேலையோடு அறையும் போனது, யாரோ சொல்லி இந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழ் அறைக்கு வந்தேன். கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

அந்த வீடு முன்பு நர்ஸ்மார் தங்கிய விடுதியாம். அதனால்தானோ என்னவோ, அதன் ஹீட்டிங் மற்ற வீடுகளைப் போல இல்லை. மற்ற வீடுகளில் ரேடியேட்டருக்குள் சுடுதண்ணீர் ஓடும். இங்கே நிலவறையில் பொய்லர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, ஆவி குழாய் வழியே மாடிக்கு ஏறும். இரும்பு ரேடியேட்டருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகி, வந்த குழாயாலேயே திரும்பி இறங்கும். ஒவ்வொரு ரேடியேட்டரின் பக்கத்திலும் பெருவிரல் அளவில் ஒரு பித்தளைக் குமிழ் இருந்தது. நாங்கள் அதை விசில் என்போம், குக்கர் விசில் மாதிரி. ஆவி ஏறும்போது அது சீறும். லண்டனில் வேறெங்கும் நான் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

சீறினால் பரவாயில்லை. சீறியபின் குழாய்க்குள் வெடிக்கும். யாரோ சுத்தியலால் இரும்பில் ஓங்கி அடிப்பது போல ஒரு சத்தம். வந்த முதல்நாள் அதைக் கேட்டு நான் கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். வெளியே வந்து பார்த்தால், பக்கத்து அறையில் பெண்சாதியோடு இருந்த பார்சல் வேலைக்காரர் தன் வாசலில் நின்று முழங்காலில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அந்த மாரி தொடங்கியபோது ரேடியேட்டர்கள் சூடேறவில்லை. தொட்டால் கல்லறை மாதிரிக் குளிர்ந்தன. வெடிச்சத்தம் மட்டும் ஒழுங்காக வந்தது.

வீட்டுக்காரரும் எங்கள் ஆள்தான். ஒரு ஞாயிறு பின்னேரம் லட்டுப் பெட்டியோடு வந்து குசினியில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"பிள்ளையள், உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். இந்த ஹீட்டிங் முடிஞ்சுது. இதைத் திருத்த லண்டனில ஆளில்லை. அடுத்த மாதம் நகரசபைக் கவுன்சிலில இருந்து வீடு பாக்க ஆள் வரும். பாத்தா, மனுசர் இருக்கேலாத வீடெண்டு சொல்லி மூடுவினம். அதுக்கு முதல் மரியாதையா வேற இடம் பாருங்கோ."

வீட்டை உடைத்து ஃபிளாட் கட்ட அவர் விரும்புவது எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒரு லட்டை எடுத்து, பாதி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"லட்டு நல்லாருக்கு, அண்ணை. நான் இங்கயிருந்து எழும்பமாட்டன்."

"தங்கச்சி, நானே எழும்பச் சொல்லுறன்? கவுன்சில்தான்..."

"மன்னாரில எழும்பு எண்டாங்கள், எழும்பினன். மடுவில எழும்பு எண்டாங்கள், எழும்பினன். பிறகு முகாமில எழும்பு எண்டாங்கள், அங்கயும் எழும்பினன். எல்லா இடத்திலயும் சொன்ன உடன எழும்பின ஆள் நான். இனிக் கேக்கிறதில்லை." மீதி லட்டையும் வாயில் போட்டார். "கவுன்சில் ஆள் வரேக்க ஹீட்டிங் வேலை செய்தா?"

வீட்டுக்காரர் சிரித்தார். "வேலை செய்தா நீங்கள் எல்லாரும் சாகும்வரைக்கும் இருங்கோ."

"எல்லாருக்கும் கேட்டதுதானே?" என்று அக்கா எங்களைப் பார்த்தார்.

எனக்கு எழும்பு என்று யாரும் சொல்லத் தேவையில்லை, சொல்லமுன்பே எழும்பிவிடுவேன். அன்று பையைக் கட்டவும் தொடங்கினேன். அக்கா வந்து பையை எட்டி உதைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "ரேடியேட்டரைத் தூக்க ஆள் வேணும். உனக்கு நல்ல தோள்" என்றார்.

அவருக்கு ஹீட்டிங் வேலை ஒன்றும் தெரியாது. தெரியாது என்பது அவரை எந்தக் காரியத்திலும் நிறுத்தியதில்லை. பொய்லர் இருந்த நிலவறை பூட்டிக் கிடந்தது, திறப்பு வீட்டுக்காரரிடம். அதைத் தொடவும் அக்கா விரும்பவில்லை. "காஸ் விளையாட்டு வேண்டாம். அது வேலை செய்யுது. செத்த பொய்லர் ஏன் உறுமுது?" என்று சொல்லிவிட்டு, தன் அறை ரேடியேட்டர் முன்னால் தரையில் குந்தி, தரையால் வரும் குழாயில் விரலை வைத்தார். உடனே இழுத்துக்கொண்டார். சுடுகிறது. ஒரு சாண் தள்ளி ரேடியேட்டரில் வைத்தார். பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்தது.

"வாசல் வரைக்கும் வந்து நிக்குது. உள்ள விடுறாங்களில்லை."

"ஆர் விடுறதில்லை?"

"உள்ள ஏற்கெனவே இருக்கிறவர். காத்து." இஸ்திரி மேசையிலும் காலையில் முதலில் காற்றைத் திறந்துவிட்டால்தான் ஆவி வரும் என்றார். "இதுக்குள்ள இருக்கிற காத்து எதால போறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விசிலைப் பார்த்தோம். வீட்டுக்காரரின் பெயின்ட்காரன் சுவரோடு சேர்த்து அதற்கும் பால் நிறப் பெயின்ட் அடித்திருந்தான். துவாரம் இருந்த இடமே தெரியவில்லை.

பிறகு அறை அறையாகப் போனோம். அப்போதுதான் எங்கள் வண்டவாளம் வெளியே வந்தது. பெயின்ட் மூடாமல் தப்பிய விசில்களை நாங்களே அடைத்திருந்தோம். பார்சல் வேலைக்காரர் சுவிங்கம் ஒட்டியிருந்தார். நான் வந்த இரண்டாம் நாளே சவர்க்காரத் துண்டை உருட்டி அழுத்தியிருந்தேன். சீறல் கேட்டால் அடுத்தது வெடி என்று ஊரில் ஷெல்லடி கண்ட எங்கள் உடம்புக்குத் தெரியும். சீறலை அடைத்துவிட்டால் வெடி வராது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் அடைத்துவிட்டோம். வேறு ஊர் ஆட்கள் அந்த வீட்டில் இருந்திருந்தால் இந்தப் பிழை நடந்திராது. போதாததற்கு, சிக்கனம் என்று அடியில் இருந்த வால்வை எல்லோரும் பாதி மட்டும் திறந்து வைத்திருந்தோம். ஆவி போகிற வழியாலேயே தண்ணீரும் திரும்ப வேண்டும். பாதி திறந்த வழியில் இரண்டும் முட்டிக்கொண்டுதான் அந்த வெடி.

அக்காவின் வால்வும் பாதிதான் திறந்திருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு எல்லோரையும் விடத் தன்மீது கோபம் வந்தது. "நானும் பாதி. பாத்தியே? நானும்" என்று சொல்லிச் சொல்லி முழுதாகத் திருகினார்.

விசில்களைப் புதிதாக வாங்க எங்கும் கிடைக்கவில்லை. அக்கா ஹோல் சுவரில் இருந்த ஆளியில், அதுதான் சுவிட்சில், ஹீட்டிங்கை அணைத்து ஆறவைத்து, மேல்மாடியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிக் குசினி மேசையில் பரப்பினார். பித்தளை என்றால் புளி. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தாச்சிச் சட்டி நிறையப் புளி கரைத்து இரண்டு நாள் ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தார். பெயின்ட் உரிந்து விசில்கள் குத்துவிளக்குப் போல மினுங்கின. மாட்டி, ஹீட்டிங்கைப் போட்டோம். உள்ளே போன புளிச்சக்கை ஆவியில் வெந்து, வீடு முழுக்க ரசம் மணத்தது. ஒரு விசில் புளித்தண்ணீரைச் சுவரில் துப்பியது. மற்றவை மூச்சே விடவில்லை.

"அக்கா, கொஞ்சம் மல்லித்தழை போடுவமோ?" என்றார் பார்சல் வேலைக்காரர்.

"உம்மட சுவிங்கம்தான் இன்னும் உள்ள கிடக்கு. கதையாதையும்."

எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினார். இந்த முறை வினாகிரியில் போட்டுக் கொதிக்கவைத்தார். கண் எரிந்து நாங்கள் முற்றத்துக்கு ஓடினோம். அவர் யன்னலைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கழுவி, உதறி, வாயில் வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் தாராளமாக வந்தால் வலப்பக்கம். வராவிட்டால் திரும்பவும் தாச்சிக்குள்.

ரேடியேட்டர்கள் விசில் பக்கமாகச் சரிந்து, உள்ளே தண்ணீர் தேங்குவதையும் கண்டுபிடித்தார். நான் தூக்கிப் பிடிக்க, வால்வுக்கு எதிர்ப்பக்கக் காலுக்குக் கீழே பார்சல் வேலைக்காரரின் கரம் போர்டுக் காய்களைச் செருகினார். தண்ணீர் வந்த வழியே ஓடிப்போகட்டும் என்று.

"அக்கா, சிவப்புக் காயை மட்டும் விடுங்கோ!"

"ஹீட்டிங் இல்லாட்டி வீடில்லை. வீடில்லாட்டி எங்க வைச்சுக் கரம் அடிப்பீர்?" சிவப்பும் போனது.

கடைசியாக மிஞ்சியது மேல்மாடி. அங்கே ஒரு வயதானவர் தனியாக இருந்தார். வன்னியில் பஸ் ஓட்டியவர். நாங்கள் ட்ரைவர் ஐயா என்போம். அவருடைய விசில் மற்றவற்றைப் போல அரைகுறையாக அடைத்ததல்ல. பஞ்சு திணித்து, மேலே மெழுகுதிரி உருக்கி ஊற்றி, துணி சுற்றி, கம்பி கட்டியிருந்தார். மூன்று போர்வைக்குள் இருந்துகொண்டு, "இதைத் தொடவேண்டாம், பிள்ளை" என்றார்.

நான் கீழே போகலாம் என்று கண் காட்டினேன். அக்கா தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா, வெடிக்குத்தானே பயம்? வெடியை நிப்பாட்டிப்போட்டன். கீழ கேட்டீங்களோ இண்டைக்கு?"

"வெடி வந்தாப் பிறகு என்ன பயம்? வந்திட்டுது, உயிரோட இருக்கிறன் எண்டு தெரிஞ்சிடும்." அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து விசிலைக் காட்டினார். "இந்தச் சீறல் கேக்கேக்க, எங்க விழப்போகுது எண்டு தெரியாதே. அந்த நேரம்தான் ஏலாது. பஸ்ஸில அம்பது சனம் இருக்கும். எல்லாரும் என்ரை முகத்தைப் பாப்பினம்."

அக்கா இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "ஒருக்கா. என்னோட இருந்து ஒருக்காக் கேளுங்கோ. வெடிச்சா, நானே திரும்ப மெழுகு ஊத்தி அடைச்சுத் தாறன். எழும்பியும் போறன், வீட்டை விட்டு" என்றார்.

அக்கா அப்படிப் பந்தயம் வைக்கிற ஆள் இல்லை. கவுன்சில் வரும்போது ஒரு அறை குளிராக இருந்தாலும் வீட்டுக்காரருக்குப் போதும் என்பது வேறு விஷயம். ஆனால் அதை அவர் ஐயாவிடம் ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

ஐயா தலையை ஆட்டினார். நான் ரேடியேட்டரைத் தூக்கினேன், காய் செருகியாயிற்று, அவருடைய விசிலைக் கழற்றி, வினாகிரியில் கொதிக்கவைத்து, திரும்ப மாட்டியும் ஆயிற்று. கீழே போய் ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். மூன்று பேரும் காத்திருந்தோம். குழாய் டிக் டிக் என்றது. பிறகு சீறத் தொடங்கியது, மெல்லிதாக, பிறகு பலமாக. ஐயாவின் கை போர்வையை இறுக்கிப் பிடித்தது.

அக்கா அந்த விசிலுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனார்.

"சீறு! சீறு, பாப்பம்! என்ன செய்வாய்? எத்தினை பேரைப் பாத்திட்டன் உன்னைப் போல. வேற என்ன தெரியும் உனக்கு? சீறடா!"

சந்தையில் விலை பேசிச் சண்டை பிடிக்கிற குரல். சீறல் கூடக் கூட இவர் குரலும் கூடியது. திடீரென்று 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். காற்று முழுதும் போய் ஆவி வந்து தொட, விசில் தானே மூடிக்கொண்டது. வெடி வரவில்லை. அமைதி. இரும்பு மெல்ல மெல்லச் சூடேறியது.

ட்ரைவர் ஐயா கனநேரம் ரேடியேட்டரைப் பார்த்தார். "அவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்."

கவுன்சில் ஆள் வருவதற்கு முதல்நாள் வீட்டுக்காரர் வந்தார். வீடு சுடுவதைக் கண்டார். போகும்போது ஹோலில் இருந்த ஹீட்டிங் ஆளியை அணைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் பெட்டி பொருத்திப் பூட்டிவிட்டுப் போனார். விடியும்போது வீடு பழையபடி கல்லறை.

கவுன்சிலில் இருந்து வந்தது ஒரு இளம்பெண். வீட்டுக்காரர் அவளைக் கீழ் அறைகளுக்குக் கூட்டிச்சென்று ஒவ்வொரு ரேடியேட்டரையும் தொடச் சொன்னார். தொட்டாள், கை குளிர்ந்தது, தலையை ஆட்டினாள். அக்கா கையில்லாச் சட்டையோடு ஹோலில் வந்து நின்றார். அந்தப் பெண் அவருடைய வெறும் கையைப் பார்த்து, "உங்களுக்குக் குளிரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"குளிருது. அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லு, குளிராது," என்றார் அக்கா தன்னுடைய ஆங்கிலத்தில்.

வேலை செய்யாததைத் திறந்து என்ன பயன் என்றார் வீட்டுக்காரர். வேலை செய்யாததற்கு ஏன் பூட்டு என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் திறப்பை எடுக்கக் கோட்டின் எல்லாப் பைகளையும் தேடினார். அக்கா ஆளியைப் போட்டார்.

ஆவி ஏற நேரம் எடுக்கும். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார், வீட்டுக்காரருக்கும். அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள். வீட்டுக்காரர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்; ஒரு வெடி வெடித்தால் போதும் அவருக்கு. குழாய் டிக் டிக் என்றது. என் அறை விசில் சீறியது. பிறகு குசினியுடையது, பிறகு முதல் மாடி, ஒன்றன்பின் ஒன்றாக. நாங்கள் மேலே பார்த்தபடி நின்றோம். வெடி இல்லை. மேல்மாடி மட்டும் மிச்சம். ஐயா மேலே தனியாக இருந்தார். பயத்தில் வால்வை மூடியிருப்பாரோ என்று நான் நினைத்தேன். அக்காவின் முகத்திலும் முதல்தடவையாக அந்த நினைப்பைக் கண்டேன்.

அப்போது மேலேயிருந்து சீறல் வந்தது. அதற்கும் மேலாக, படிக்கட்டு முழுக்க எதிரொலிக்க, ட்ரைவர் ஐயாவின் குரல்.

"சீறு! சீறடா, பாப்பம்! என்ன செய்வாய்?"

அந்தப் பெண் திடுக்கிட்டு, யார் யாரோடு சண்டை என்று கேட்டாள். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் திரும்பவும் ஹோல் ரேடியேட்டரைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தன் கோட்டைக் கழற்றினாள். வீடு மூடப்படவில்லை.

பனி உருகியதும் நான் அங்கிருந்து கிளம்பினேன். யாரும் எழும்பு என்று சொல்லவில்லை; என் பழக்கம். அதற்குப் பிறகு எத்தனையோ வீடு. சில வருடம் கழித்து ஒரு தை மாதம் அந்தத் தெருவால் வர நேர்ந்தது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்க, அக்காவின் அறை யன்னல் மட்டும் அகலத் திறந்து கிடந்தது. அந்த வால்வை முழுக்கத் திறக்கலாம் அல்லது மூடலாம், பாதி விட்டால் வெடிக்கும். அறை கூடுதலாகச் சுட்டால் யன்னலைத்தான் திறக்க வேண்டும். வெறும் கை இரண்டையும் யன்னலில் ஊன்றி அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

என்னை எப்படித்தான் அடையாளம் கண்டாரோ.

"என்னடா, பஸ்ஸுக்கே நிக்கிறாய்?" என்று மேலேயிருந்து கத்தினார். "அந்தக் கோட்டைக் கழட்டிப்போட்டு உள்ள வா!"